முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள்

ஓர் இளம் வீரர் கேட்டிருக்கும் கேள்வி இது: "மாநில அணியில் ஆடுகிறேன். வயது 24. ஆண்கள்மீதுதான் எனக்கு ஈர்ப்பு என்பது பள்ளி நாட்களிலேயே தெரியும். அணியில் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். விளையாட்டையும் விடாமல், மனதுக்குப் பிடித்த ஒருவரோடு வாழவும் முடியுமா? வெளியே சொன்னவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று?"

முடியும், தம்பி. ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசியில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாலிபால் பயிற்சியாளராக இருக்கிறேன். வெளியே சொன்ன வீரர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். தாக்குப்பிடித்தவர்கள் அநேகமாக எல்லோருமே ஊருக்கு அறிவிப்பதற்கு நெடுநாள் முன்பே ஒருவரிடம் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு அறிவிப்பது கடைசி வேலை. அதைச் செய்யாமலே போனாலும் குற்றமில்லை. அந்த ஒருவர் யார் என்பதுதான் முதல் கேள்வி.

இதைப் புரியவைக்க கேரத் தாமஸின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ரக்பி வீரர். பிரிட்ஜெண்ட் நகருக்கு அருகே சார்ன் என்ற ஊரில் 1974-இல் பிறந்தவர். தபால்காரராக வேலை பார்த்திருக்கிறார். நம் ஊருக்குக் கிரிக்கெட் எப்படியோ, வேல்ஸுக்கு ரக்பி அப்படி. 1995 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே மூன்று முறை டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தார். 2005-இல் வேல்ஸ் 27 ஆண்டுகளுக்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் (ஆறு நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி) வென்றபோது அணியின் கேப்டன் அவர். அதே ஆண்டு நியூசிலாந்துக்குச் சென்ற, பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து அமைக்கும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியில், கேப்டன் பிரையன் ஓ'டிரிஸ்கால் முதல் டெஸ்ட் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயமடைந்து வெளியேற, அடுத்த இரண்டு டெஸ்டுகளுக்கும் தலைமை இவரிடம் வந்தது. வேல்ஸுக்காக 100 ஆட்டங்களை எட்டிய முதல் ஆள். ஆறடி மூன்றங்குல உயரம், மோதல்களில் முன்பற்கள் போன முகம். அந்த முகத்தைப் பார்த்து யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கக் கூடாது என்பதற்காகவே அவர் மைதானத்தில் இன்னும் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்.

பதினாறு, பதினேழு வயதிலேயே தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். வேண்டிக்கொண்டால் போய்விடும் என்று நம்பினார். ஒரு பெண்ணை உண்மையாகவே நேசித்துத் திருமணமும் செய்துகொண்டார். அது போகவில்லை. வீட்டருகே கடலோரப் பாறை முகட்டில் நின்று உயிரை விட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடிய கேப்டன் அப்போது இருந்த நிலை அது. கடைசியில் மனைவியிடம் சொன்னார். திருமணம் முறிந்தது.

2006 நவம்பரில், கார்டிஃப் மில்லெனியம் அரங்கில் ஓர் ஆட்டம் முடிந்த பிறகு, உடைமாற்றும் அறையில் அவர் உடைந்து அழுதுவிட்டார். அவரை நன்றாக அறிந்திருந்த பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சன் தனியாக மருத்துவ அறைக்கு அழைத்துப்போனார். தாமஸ் வாய்திறந்து சொல்லும் முன்பே ஜான்சன் ஊகித்துக் கேட்டார். தாமஸ் ஆமென்றார். பயிற்சியாளர்கள் அனைவரும் அடுத்து நடந்ததைப் படிக்க வேண்டும். ஜான்சன் விவரம் எதையும் துருவவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. இதை நீ தனியாகத் தாங்க முடியாது, அணியில் சிலராவது உன்னைச் சுற்றி நிற்க வேண்டும், அவர்களிடம் நான் பேசுகிறேன் என்றார். ஸ்டீபன் ஜோன்ஸ், மார்ட்டின் வில்லியம்ஸ் என்ற இரண்டு வீரர்களிடம் சொன்னார். அவர்கள் வருவதற்காக தாமஸ் மதுக்கூடத்தில் தனியே உட்கார்ந்து காத்திருந்தார். என்ன சொல்வார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார். இருவரும் வந்து முதுகில் தட்டினார்கள். எங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த முதுகுத் தட்டலுக்கும் அவர் உலகத்துக்கு அறிவித்ததற்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. 2009 டிசம்பரில், 35 வயதில், பத்திரிகைப் பேட்டியில் அறிவித்தார். அதற்குள் அவரைத் தெரிந்த வட்டம் பெருகியிருந்தது. அறிவித்த மறுநாள் அவர் தனியாள் இல்லை.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு அவர் ரக்பி லீக் என்ற வேறு வகை ஆட்டத்துக்கு மாறியபோது, காசில்ஃபோர்டு அணியின் ரசிகர்கள் கூட்டமாக அவரை இழிவுபடுத்திக் கோஷமிட்டார்கள். அந்த அணிக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2018-இல், ஓய்வு பெற்ற பிறகு, கார்டிஃப் தெருவில் ஒரு பதினாறு வயதுப் பையன் அவரைத் தாக்கினான். தாமஸ் அவனுக்குத் தண்டனை கேட்கவில்லை. அவனோடு பேசித் திருத்தும் வழியைக் கேட்டார். அடுத்த சில நாட்களில் நடந்த சர்வதேச ஆட்டங்களில் வேல்ஸ், பிரான்ஸ், நியூசிலாந்து வீரர்கள் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவின் அடையாளமாக வானவில் நிற ஷூ கயிறு கட்டி இறங்கினார்கள். அடிக்கிற கையும் இருந்தது, கூட நிற்கிற கால்களும் இருந்தன.

அவருடைய பேட்டியை இங்கிலாந்தின் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் படித்தார். 2010-11 ஆஷஸ் தொடருக்குப் புறப்படும் முன்பு அணியினரிடம் சொல்லிவிட்டு, 2011 பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்தார். தாமஸைப் பார்த்துத்தான் துணிவு வந்தது என்றார். இவரும் அதே வரிசையில்தான் போனார்: முதலில் குடும்பம், பிறகு அணி, பிறகு ஊர்.

இப்போது இன்னொரு வீரரின் கதை. ஜஸ்டின் ஃபஷானு, இங்கிலாந்துக் கால்பந்து வீரர். நார்விச் அணிக்காக 1980-இல் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோல் அந்தப் பருவத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அவரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்த விலை பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். அங்கே மேலாளர் பிரையன் கிளஃப். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் விடுதிகளுக்கு ஃபஷானு போகிறார் என்று காதில் விழுந்ததும் கிளஃப் அவரை அழைத்து அவமானப்படுத்தினார். அணியோடு பயிற்சி செய்யக் கூடாது என்று தடுத்தார். கிளஃப் இதைத் தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். ஜான்சனும் கிளஃபும் ஒரே நாற்காலியில் இருந்தவர்கள். ஒரு வீரனின் ரகசியம் இருவர் கைக்கும் வந்தது.

1990 அக்டோபரில் ஃபஷானுவின் செய்தி ஒரு மலிவு நாளிதழின் முதல் பக்கத்தில் வெளியானது. உடன் நிற்க ஓர் ஆள்கூட இல்லாத நேரத்தில் அவர் நேராகக் கூட்டத்தின் நடுவே போய் நின்றுவிட்டார். கால்பந்து வீரரான தம்பியே பகிரங்கமாக ஒதுக்கிப் பேசினார். பின்னாளில் அதற்காக வருந்தினார். எந்த அணியும் ஃபஷானுவை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்தார். 1998 மே மாதம், அமெரிக்காவில் ஓர் இளைஞர் அவர்மீது கொடுத்த பாலியல் புகாரின் நடுவே, லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். வயது 37.

அதன் பிறகு, பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொழில்முறை ஆண் கால்பந்து வீரர் வெளிப்படையாக அறிவிக்க 2022 மே வரை ஆயிற்று. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். வயது 17. அவர் முதலில் தாயிடமும் சகோதரியிடமும் சொன்னார். மறுநாள் ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். அந்த நான்கு கோல்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ரகசியத்தைக் காப்பதற்கு ஒரு வீரன் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறான் என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி அணியில் நான் ஆடிய காலம். போட்டி முடிந்து இரவு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் அணியின் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக்கொடுப்பவன்), என்னைவிட இரண்டு வயது இளையவன், கதவருகே வந்து என் பக்கத்தில் நின்றான். விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்டரை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, "அண்ணா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றான். அதே நேரம் உள்ளே யாரோ ஒருவன், நடை கொஞ்சம் நளினமாக இருக்கும் எதிரணி வீரனைப் போல நடந்து காட்ட, பெட்டியே சிரித்தது. நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். திரும்பியபோது அவன், "ஒன்றுமில்லை அண்ணா, தூங்கப் போகிறேன்" என்றான். உரித்த பிளாஸ்டரை உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேல் பெர்த்தில் ஏறிவிட்டான். அடுத்த ஆண்டு அணித் தேர்வுக்கு அவன் வரவில்லை. அவன் சொல்ல வந்தது என்ன என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் நடத்திய எந்த முகாமிலும் அப்படிப்பட்ட நடிப்புக்கும் கிண்டலுக்கும் இடம் கொடுத்ததில்லை. உடைமாற்றும் அறையில் ஒரு பயிற்சியாளர் எதற்குச் சிரிக்கிறார் என்பதை, சொல்ல முடியாமல் தவிக்கிற பையன் ஒருவன் மூலையிலிருந்து கவனித்துக்கொண்டிருப்பான்.

காதலைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கஸ் கென்வொர்தி 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அப்போது அவருக்குக் காதலர் இருந்தார். சோச்சிக்கே உடன் வந்திருந்தார். இருவரும் சேர்ந்து அங்கே தெருநாய்க் குட்டிகளைக் காப்பாற்றினார்கள். நாய்க்குட்டிகளோடு கென்வொர்தியின் படம் உலகமெங்கும் போயிற்று. காதலர் யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை. பேட்டிகளில் உங்களுக்குப் பிடித்த பிரபலம் யார் என்று கேட்டால், பாடகி மைலி சைரஸ் என்று சொல்லிச் சமாளித்தார். பதக்கம் வென்ற அந்த நிமிடத்தில் காதலரை அணைத்து முத்தமிட ஆசைப்பட்டும் துணியவில்லை என்பது வெள்ளிப் பதக்கத்தின் மகிழ்ச்சியையே கெடுத்துவிட்டது. 2015-இல் வெளிப்படையாக அறிவித்தார். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில், சறுக்கு மேடையின் அடிவாரத்தில், அப்போதைய காதலர் மேத்யூ வில்காஸ் அவருக்கு முத்தம் கொடுத்ததைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டியது. கேமரா இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் கென்வொர்தி. பெருவிரல் எலும்பு முறிந்த கையோடு ஆடி, அந்த இறுதிச் சுற்றில் 12-ஆவதாக, கடைசியாக வந்தார். சோச்சியில் பதக்கத்தோடு இருந்தவரையும் பியாங்சாங்கில் கடைசியாக வந்தவரையும் படங்களில் அடுத்தடுத்துப் பாருங்கள். எது நிம்மதியான முகம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெண்கள் கிரிக்கெட்டைப் பாருங்கள். அங்கே இது ஏறக்குறைய சாதாரணச் செய்தி. நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெயிட்டும் லியா டஹூஹூவும் 2017-இல் மணந்துகொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீக்கெர்க்கும் மரிசான் காப்பும் 2018-இல். இங்கிலாந்தின் நாட் சிவரும் கேத்ரின் பிரண்டும் 2022-இல். 2023 மகளிர் பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் மும்பை இந்தியன்ஸ் கோப்பையை வென்றபோது ஆட்டமிழக்காமல் 60 ரன் எடுத்தவர் நாட் சிவர்-பிரண்ட். மும்பை மைதானத்தில் இந்திய ரசிகர்கள் அந்தப் பெயருக்குக் கைதட்டினார்கள். அதன் பின்பாதி அவருடைய மனைவியின் பெயர். ஆண்கள் விளையாட்டு இந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆண் என்றால் இப்படித்தான் என்று உடைமாற்றும் அறை பழக்கிவைத்திருக்கும் பயம்தான் காரணம் என்பது என் கருத்து. பெண்களுக்கும் வீடு, ஊர் என்று வேறு தொல்லைகள் உண்டு.

இந்தியாவில் இதை வெளிப்படையாகச் சொன்ன முதல் பெரிய வீராங்கனை டூட்டி சந்த். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோனின் அளவைக் காரணம் காட்டி 2014-இல் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டு, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015-இல் தடையை நிறுத்திவைத்தவர். 2018 ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவின் பகுதியை நீக்கியது. அது தந்த தைரியத்தில் 2019 மே மாதம், தன் ஊர்ப் பெண் ஒருவரை நேசிப்பதாகச் சொன்னார். வீட்டில் கடும் எதிர்ப்பு. மிரட்டலுக்கு ஆளான பிறகே வெளியே சொன்னதாக அவர் கூறினார். இரண்டு மாதம் கழித்து இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் 2023 முதல் நான்கு ஆண்டு தடை பெற்றதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது வேறு கணக்கு; காதலைச் சொன்னதால் வந்ததில்லை.

இனி உங்கள் விஷயம். நம் நாட்டில் ஒரு வீரனின் இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று தேர்வாளர்களின் கையில் இருக்கிறது. ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பதும் அந்தத் தேர்வைப் பொறுத்ததுதான். முகாமில் ஓர் அறையில் நான்கு பேர் தங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: அணிக்கு அறிவிக்க இப்போது எந்த அவசரமும் இல்லை. அந்த முதல் ஒருவர் அணிக்குள் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அக்காவாக இருக்கலாம், பழைய பள்ளித் தோழனாக இருக்கலாம், இயன்முறை மருத்துவராக இருக்கலாம். இதுவரை அவரிடம் சொன்ன வேறு ரகசியங்கள் வெளியே போயிற்றா என்று மட்டும் பாருங்கள். கிண்டல் நடக்கும்போது சிரிக்காமல் இருப்பவர் யார் என்று கவனியுங்கள். சொல்லும்போது, இது உங்களோடு இருக்கட்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

துணை தேடுவதில் ஒரு எச்சரிக்கை. செயலிகள் வழியாகப் பழகி, படங்களை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று பணம் பறிக்கும் கும்பல்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. முகம் தெரியும் படத்தையோ அணிச் சீருடைப் படத்தையோ அனுப்பாதீர்கள். முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள டீக்கடையிலோ பூங்காவிலோ இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்பது அந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்; அவர் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மிரட்டல் வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவின்படி குற்றம். நீங்கள் யாரை நேசிக்கிறீர்கள் என்பது 2018 முதல் குற்றமில்லை. புகார் கொடுக்கத் தயங்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

பெண் பார்க்கிறார்கள் என்றீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். தாமஸ் நல்லவர், மனைவிமீது உண்மையான அன்பும் வைத்திருந்தார். அப்படியும் அந்தப் பெண்ணின் இளமையில் சில ஆண்டுகள் போயின. போட்டி இருக்கிறது, வேலை நிரந்தரமாகட்டும், முழங்கால் காயம் ஆறட்டும் என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள்; அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவது அப்படிப்பட்டதல்ல. வீட்டுக்குத் தெரிந்து, "மாற்றிவிடலாம்" என்று யாராவது மருத்துவரிடம் அழைத்துப் போனால், அப்படி ஒரு சிகிச்சையே கிடையாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்ய உத்தரவிட்டார். அதைச் செய்வது மருத்துவர்களுக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அறிவித்தது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆனால் இருவர் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்களுக்கு 24 வயது.

இரவில் மனம் தாங்க முடியாத அளவுக்குக் கனத்தால், அந்த ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை என்றால், 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு குரல் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்க, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது கொஞ்சம் எளிதாக இருக்கும். மறுநாள் காலைப் பயிற்சிக்கு வழக்கம்போலப் போங்கள்.